ஐந்து வரிக் காகிதம்

வெளியே போய்விட்டு வந்தவர்கள் கால் கழுவாமல் உள்ளே நுழையக் கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வாசல் திண்ணையோரம் ஒரு செம்பில் ஜலம் இருக்கும். ஜில்லா கலெக்டராயிருந்தாலும் சரி, கடைக்குப் போய்த் திரும்பிய பேரப்பிள்ளையாயிருந்தாலும் சரி, அந்தச் செம்பைத் தாண்டிக் கூடத்துக்குள் கால் வைத்துவிட முடியாது. காரணம் கேட்டால் பாட்டி சாஸ்திரம் என்பாள். கிருமி என்று சொல்லமாட்டாள். ஆனால் வாசற்படி என்பது காவல் வேண்டிய இடம் என்பதை அவள் நன்றாக அறிந்திருந்தாள்.

மனித தேகத்துக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதுதான் நம்முடைய தோல். கோடிக்கணக்கான கிருமிகள் தோலின்மீது சதா குடியிருந்தாலும் நமக்கு ஒரு கெடுதலும் நேருவதில்லை. அவை படிக்கு வெளியே இருக்கின்றன. படியைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிட்டாலோ, விஷயம் வேறு. பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே டாக்டர்களே இந்த வாசலைத் திறந்து, நாட்கணக்காகத் திறந்தபடியே வைத்திருக்க நேருகிறது. திறக்காமலிருந்தால் நோயாளி பிழைப்பதில்லை; திறந்தாலோ அதன் வழியாகவே யமன் வரக்கூடும். இந்தத் தர்மசங்கடத்திலிருந்து வைத்திய உலகம் எப்படி ஓரளவு மீண்டது என்பது சுவாரஸ்யமான கதை. அதில் பிரதான ஆயுதமாக விளங்கியது புதிய மருந்தன்று, புதிய யந்திரமுமன்று. ஐந்து வரிகள் எழுதிய ஒரு காகிதம்!

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரைப் பார்த்து வந்தவர்கள், நோயாளியின் கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழோ ஒரு மெல்லிய குழாய் செருகியிருப்பதைக் கவனித்திருப்பார்கள். வெளியில் தெரிவதெல்லாம் இரண்டு மூன்று வால்களும், அவற்றின் நுனியில் வர்ண மூடிகளுந்தான். உள்ளே அது ஏறக்குறைய ஒரு சாண் தூரம் போய், இருதயத்துக்குச் சற்று மேலேயுள்ள பெரிய சிரையில் முடிகிறது. இதைக் கதீட்டர் என்றும், ‘சென்ட்ரல் லைன்’ என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். நாம் குழாய் என்றே சொல்லுவோம்.

கையில் ஊசி போட்டுச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். சாதாரண நோய்க்குப் போதும். ஆனால் விழுந்துபோன இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் மிகவும் உக்கிரமானவை; கையிலுள்ள சிறு சிரைகளில் ஏற்றினால் அந்த இடமே வெந்து புண்ணாகிவிடும். பெரிய சிரையிலோ, பிரவாகமாக ஓடும் இரத்தத்தில் அவை உடனே கலந்து நீர்த்துப் போகின்றன. வாய் வழியாகவோ குடல் வழியாகவோ ஆகாரம் கொடுக்க முடியாதவர்களுக்கு இரத்தத்திலேயே ஆகாரம் ஏற்றுவதற்கும், சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டவர்களுக்கு யந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கும் இந்தப் பாதை வேண்டியிருக்கிறது.

இருதயம் வரையில் குழாய் விடலாம் என்பதை உலகுக்குக் காட்டியவரின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1929-ஆம் வருஷம். ஜெர்மனியில் பெர்லின் நகருக்கு அருகே எபர்ஸ்வால்ட் என்ற ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர் இருந்தார். கைச் சிரை வழியாகக் குழாயை நுழைத்துக்கொண்டே போனால் இருதயத்தை அடையலாம் என்பது அவருடைய நம்பிக்கை. மேலதிகாரி கூடவே கூடாது என்று மறுத்துவிட்டார். கருவிகள் வைத்திருந்த அலமாரிச் சாவியோ ஒரு நர்ஸிடம் இருந்தது. அந்த அம்மாளிடம் பேசிப் பேசி, பரீக்ஷைக்கு அவளே தன்னை ஒப்புவிக்கும்படி செய்துவிட்டார். அவளை மேஜையில் படுக்கவைத்துக் கட்டினார். அவளுக்குத்தான் ஏதோ செய்கிறார் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, தம்முடைய இடது கையைக் கீறிக் குழாயை உள்ளே செலுத்திக்கொண்டார். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, கையில் குழாய் தொங்க, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து போனார். அங்கே எடுத்த படத்தில் குழாயின் முனை இருதயத்துக்குள் இருந்தது! அப்பொழுது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வசவுதான். வெறுத்துப்போய்ச் சிறுநீரக வைத்தியத்துக்குப் போய்விட்டார். 1956-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

1953-இல் ஸ்வீடன் தேசத்து ஸெல்டிங்கர் என்பவர் ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் குழாயை வழுக்கிச் செலுத்தும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் இந்தக் காரியம் சில நிமிஷ வேலையாகிவிட்டது. எளிதாகிவிட்ட எதையும் மனிதர்கள் அலட்சியமாகச் செய்யத் தொடங்குவார்கள் அல்லவா? குழாயும் அதற்கு விலக்கன்று.

கிருமி இரண்டு வழியாக உள்ளே போகிறது. ஒன்று, தோலில் போட்ட துவாரத்தின் வழியாகக் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இறங்குவது. குழாயைச் செருகும் சமயத்தில் நேரும் அஜாக்கிரதை பெரும்பாலும் இவ்வழியில்தான் பலனளிக்கிறது. மற்றொன்று, மருந்து ஏற்றும் வாயின் வழியாகக் குழாயின் உட்புறத்தில் புகுவது. நாட்கள் ஆக ஆக இந்த இரண்டாவது வழி முக்கியமாகிறது. ஒரு நாளைக்கு அந்த வாயை எத்தனை கைகள் எத்தனை தடவை திறந்து மூடுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

உள்ளே போன கிருமி சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. குளத்துப் படிக்கட்டில் பாசி படிகிற மாதிரி, குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் வழவழப்பான ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வைக்குள் மருந்து சுலபமாகப் போவதில்லை. உடம்பின் காவல் அணுக்களும் போவதில்லை. அங்கேயிருந்து சிறு சிறு கூட்டமாகக் கழன்று நேரே இருதயத்துக்குள் பாய்கின்றன. நோயாளிக்கு நடுக்கத்துடன் ஜுரம் காண்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. எந்த வியாதிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாரோ அது குணமாகிக்கொண்டு வரும்போது, வராத வியாதி ஒன்று அவரைக் கொண்டுபோய்விடுகிறது.

இப்படி எத்தனை பேர்? ஐக்கிய அமெரிக்காவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 80,000 பேருக்குக் குழாயின் மூலம் இரத்தத்தில் கிருமி ஏறுவதாகவும், 28,000 பேர் வரையில் அதனால் இறக்கக்கூடும் என்றும் இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய துயரம், டாக்டர்கள் பலர் இதைத் தவிர்க்க முடியாத நஷ்டமாகவே கருதிவந்ததுதான். பெரிய வைத்தியம் செய்தால் சிலருக்கு இப்படியும் ஆகத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ரயில் என்று இருந்தால் விபத்தும் இருக்கும் என்பது போல.

2001-ஆம் வருஷத்தில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பதினெட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இறந்துபோயிற்று. குளிக்கும் தொட்டியில் கொதிநீர் பட்டு வெந்துபோன குழந்தை. தீக்காயம் ஆறிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் எதிர்பார்த்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் குழாயினால் கிருமி புகுந்தது. உடம்பில் நீர் வற்றியது. தாகத்தால் குழந்தை தவித்ததைத் தாயார் எடுத்துச் சொல்லியும் சரியாகக் கவனிக்கப்படவில்லை. கொடுக்கக்கூடாத மருந்து ஒன்றும் கொடுக்கப்பட்டது. உலகத்தின் தலைசிறந்த வைத்தியசாலைகளுள் ஒன்றில் இவ்வளவும் நடந்தது. ஆஸ்பத்திரியார் தவற்றை ஒப்புக்கொண்டார்கள். பெற்றோர்களோ, தங்களுக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் ஒரு பகுதியை, இனி வேறு குழந்தைகளுக்கு இந்தக் கதி நேராமல் பாதுகாப்பு ஏற்பாடு செய்யுங்கள் என்று அதே ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தாயின் மனம் எப்படிப்பட்டதாயிருக்க வேண்டும்!

அதே ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை டாக்டராயிருந்தவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்பவர். இந்தக் குழந்தையின் மரணம் தம்மை உலுக்கியதாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். குழாய்க் கிருமியைத் தடுப்பதற்கு அரசாங்க நிபுணர்கள் அச்சிட்டிருந்த விதிகள் நூறு பக்கத்துக்கு மேற்பட்டவை. நடு இராத்திரியில் உயிருக்கு ஊசலாடும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் அதைப் புரட்டிப் பார்ப்பாரா? ப்ரோனோவோஸ்ட் அந்தப் புத்தகத்தை வடிகட்டினார். அதிகப் பலன் தரக்கூடியதும், செய்வதற்குச் சுலபமானதுமான ஐந்து காரியங்களை மட்டும் எடுத்து ஒரு காகிதத்தில் எழுதினார்.

கைகளை நன்றாகக் கழுவு. குளோர்ஹெக்ஸிடின் என்ற மருந்தினால் நோயாளியின் தோலைச் சுத்தம் செய். தலைக்குக் குல்லாய், வாய்க்கு முகமூடி, சுத்தம் செய்த அங்கி, கையுறை இவற்றை அணிந்து, நோயாளியின் உடல் முழுவதையும் சுத்தமான துணியால் மூடு. கூடியவரை தொடையிடுக்கில் குழாய் போடாதே. தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிடு.

அவ்வளவுதான். இதில் எந்த டாக்டருக்குத் தெரியாதது எது? ஒன்றுமில்லை. வைத்தியக் கலாசாலையில் முதல் வருஷத்துப் பையனே ஒப்பித்துவிடுவான். ஆகையால் ப்ரோனோவோஸ்ட் முதலில் ஒரு காரியம் செய்தார். டாக்டர்கள் குழாய் போடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று இந்த ஐந்தும் நடக்கிறதா என்று குறித்துக்கொள்ளும்படி நர்ஸுகளை ஒரு மாதம் ஏவினார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு, ஐந்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது!

அவர்கள் கெட்ட டாக்டர்கள் அல்லர் என்பதை ஞாபகத்தில் வைக்கவேண்டும். குல்லாய் ஓரிடம், துணி ஓரிடம், மருந்து ஓரிடம் என்று சாமான்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவசரத்தில் எல்லாவற்றையும் தேடி எடுத்துவர யாருக்குப் பொறுமை இருக்கும்? இருப்பதைக்கொண்டு ஒப்பேற்றுவார்கள். எனவே எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கிவைக்கும்படி செய்தார். நம் வீடுகளில் சமையலுக்கு முன் அஞ்சறைப் பெட்டியை அடுப்பருகே வைத்துக்கொள்கிற யுக்திதான். இது சுலபமாக முடிந்தது.

அடுத்த ஏற்பாடுதான் பெரிய அமளியைக் கிளப்பியது. ஐந்தில் ஒன்றை டாக்டர் விட்டுவிட்டால், நர்ஸ் அவரைத் தடுத்து நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும் என்று உத்தரவாயிற்று. டாக்டரைப் போலீஸ் வேலை பார்ப்பது எங்கள் காரியமன்று என்றார்கள் நர்ஸுகள். நர்ஸ் எங்களைப் பிறர் எதிரில் கேள்வி கேட்டால் எங்கள் மதிப்பு என்ன ஆவது என்றார்கள் டாக்டர்கள். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தாலும் பரவாயில்லையா என்று ப்ரோனோவோஸ்ட் இரு தரப்பாரையும் கேட்டார். அதற்கு ஒருவராலும் ஆம் என்று சொல்ல முடியவில்லை. தடுத்த நர்ஸை எந்த டாக்டராவது கடிந்துகொண்டால் நிர்வாகம் நர்ஸின் பக்கமே நிற்கும் என்றும் தெளிவாக்கப்பட்டது.

அமெரிக்காவிலேயே இவ்வளவு அமளி என்றால், நம் நாட்டில் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கலாம். பெரிய டாக்டர் வருகிறார் என்றால் வார்டே எழுந்து நிற்கும் தேசம் இது. “ஐயா, தாங்கள் கை கழுவவில்லை” என்று இருபத்திரண்டு வயது நர்ஸ் ஒருத்தி சொல்லவேண்டுமானால் அவளுக்குச் சிங்கத்தின் நெஞ்சு வேண்டும். ஆனாலும் இந்தக் கதை முழுவதிலும் நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்த ஓர் இடந்தான். காகிதம் வெறும் காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் ஒருத்திக்குக் கிடைத்ததே, அதுதான் கிருமியைக் கொன்றது.

ஹாப்கின்ஸில் குழாய்க் கிருமி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அந்த ஒரு பிரிவில் மட்டும் 43 பேருக்குக் கிருமி ஏறுவதும், எட்டு மரணங்களும், இருபது லட்சம் டாலர் செலவும் தடுக்கப்பட்டதாகப் பின்னால் கணக்கிட்டார்கள்.

கை கழுவச் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளும் டாக்டர்கள் புதியவர்கள் அல்லர். 1847-இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்பவர், பிரேத பரிசோதனை அறையிலிருந்து வரும் டாக்டர்கள் குளோரின் கலந்த ஜலத்தில் கை கழுவவேண்டும் என்று விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த தாய்மார் மரணம், ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. எங்கள் கையா கொலை செய்கிறது என்று சீறிய சக வைத்தியர்கள் அவரை உதாசீனம் செய்தார்கள். 1865-இல் அவர் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், புண் ஒன்றின் மூலம் இரத்தத்தில் விஷம் ஏறி இறந்தார்.

ஒரு பெரிய கலாசாலை ஆஸ்பத்திரியில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்குமா? 2003-ஆம் வருஷத்தில் மிச்சிகன் மாகாணத்து ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து ப்ரோனோவோஸ்டை அழைத்தன. கார்த் தொழில் நசித்து வறுமைப்பட்ட டிட்ராய்ட் நகரத்து ஆஸ்பத்திரிகளும் அவற்றில் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்தன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் உயர் அதிகாரி ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். சூட்டும் டையும் அணிந்து மேல்மாடியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள் மாதம் ஒரு முறையாவது வார்டுக்கு இறங்கி வந்து, என்ன குறை என்று கேட்கவேண்டும். வந்தவர்களுக்குத் தெரிந்த முதல் சமாசாரம், பெரும்பாலான பிரிவுகளில் குளோர்ஹெக்ஸிடின் மருந்தே வாங்கி வைக்கப்படவில்லை என்பது! மருந்து இல்லாமல் விதியை மட்டும் சுவரில் ஒட்டி என்ன பயன்? நர்ஸ் ஆயிரம் தடவை எழுதிக் கேட்டாலும் வராத சாமான், அதிகாரி ஒரு வார்த்தை சொன்னவுடன் வந்து சேர்ந்தது. பிறகு துணியும் மருந்தும் உட்பட எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகவே கம்பெனியார் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பலன் 2006-ஆம் வருஷ டிஸம்பரில் பிரசுரமாயிற்று. ஆரம்பத்தில் ஆயிரம் குழாய் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த விகிதம், ஒன்றரை வருஷத்தில் 1.4-க்கு இறங்கியிருந்தது. பிரிவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை மட்டும் பார்த்தால், மூன்றே மாதத்தில் 2.7-லிருந்து பூஜ்யம்! பின்னும் ஒன்றரை வருஷம் சென்று பார்த்தபோதும் அந்தத் தாழ்ந்த நிலையே நீடித்தது.

‘குழாய் நாள்’ என்றது என்ன என்று சொல்லவேண்டும். பத்து ரூபாய் நஷ்டம் என்றால், எவ்வளவு முதலுக்கு என்று வியாபாரி கேட்பான். பத்து பேருக்குக் கிருமி ஏறிற்று என்றாலும் அதே கேள்விதான். தினந்தோறும் ஒரே நேரத்தில் வார்டைச் சுற்றி வந்து, இன்று எத்தனை பேருக்குக் குழாய் இருக்கிறது என்று எண்ணிக் குறிக்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு குழாய் இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். இப்படி மாதம் முழுவதும் கூட்டினால் வருவது குழாய் நாள். ஏறிய கிருமிகளை அதனால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். சின்ன வார்டையும் பெரிய வார்டையும், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் இந்த ஒரே தராசில் நிறுக்கலாம்.

தராசு நல்லதுதான், நிறுப்பவர் கை எப்படி என்பது வேறு கேள்வி. இரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று பரிசோதனைச் சாலை சொன்னால், அது குழாயிலிருந்து வந்ததா, நுரையீரலிலிருந்தோ சிறுநீர்ப் பையிலிருந்தோ வந்ததா? ஊசி குத்தும்போது தோலில் இருந்த கிருமி தவறிப்போய் புட்டியில் விழுந்திருக்குமா? இதற்கெல்லாம் விதிகள் உண்டு. குழாய் போட்டு இரண்டு நாளுக்கு மேலாகியிருக்க வேண்டும். வேறு மூலகாரணம் இருக்கக்கூடாது. தோலில் சகஜமாக வாழும் கிருமியானால் தனித்தனியாக எடுத்த இரண்டு புட்டிகளில் அது வளர்ந்திருக்கவேண்டும். அழகான பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. குழாயிலிருந்து ஒரு புட்டியும் கைச் சிரையிலிருந்து ஒரு புட்டியும் ஒரே சமயத்தில் இரத்தம் எடுத்து வளர்க்கிறார்கள். குழாய்ப் புட்டியில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்து காட்டினால், கூடு அங்கேதான் என்று தீர்மானிக்கிறார்கள். கூடு இருக்கும் இடத்தில் கூட்டம் அதிகம். ஆகையால் அது முந்துகிறது.

இங்கிலாந்தில் மிச்சிகனுக்குச் சமமாகிக் காட்டுவோம் என்று 2009 முதல் 2011 வரையில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. விகிதம் 3.7-லிருந்து 1.48-க்குக் குறைந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இன்னும் திட்டத்தில் சேராமல் முறைக்குக் காத்திருந்த ஆஸ்பத்திரிகளிலும் அது குறைந்திருந்தது. காற்றிலேயே அந்த எச்சரிக்கை பரவிவிட்டது போலும்! அந்த ஆஸ்பத்திரிகளுக்குள் போயிருந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். கிருமிக் கணக்கை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எடுத்தார்கள். அடிக்கடி இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற பிரிவுக்குக் கணக்கு ஏறும். பரிசோதிக்காத பிரிவு புண்ணியாத்மாவாக விளங்கும். பெரும்பாலும் அது வஞ்சனையன்று. விதியைப் புரிந்துகொண்டதில் வித்தியாசம். இருந்தாலும் “எங்கள் ஆஸ்பத்திரியில் பூஜ்யம்” என்று எவராவது மார் தட்டினால், எப்படி எண்ணினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது.

அமெரிக்க ஸர்க்காரின் விநோதம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 2007-ஆம் வருஷ முடிவில் வாஷிங்டனிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும். கை கழுவுகிறார்களா என்று எண்ணிப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். நோயாளிகளிடமும் டாக்டர்களிடமும் முறைப்படி சம்மதம் பெறாமல் மிச்சிகனில் செய்தது பிசகு என்றார்கள். எண்ணுவது நின்றது. உயிரைக் காக்கும் காகிதத்துக்கு எதிராக உத்தியோகக் காகிதம்! பத்திரிகைகளில் பெரும் கூச்சல் எழுந்தது. 2008 பிப்ரவரியில், சரி, நடத்துங்கள் என்று அதே காரியாலயம் இறங்கி வந்தது.

ஐந்து வரிகளும் வேதவாக்கல்ல என்பதையும் சொல்லவேண்டும். தொடையிடுக்கு வேண்டாம் என்றால், கழுத்தா, காறை எலும்பின் கீழா? பிரெஞ்சு தேசத்தில் 3,471 குழாய்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், காறை எலும்பின் கீழ் போட்டால் கிருமி குறைவு என்று தெரிந்தது. ஆனால் அங்கே ஊசி தவறினால் நுரையீரலின் உறையில் குத்திக் காற்றுப் புகுந்துவிடும் அபாயம் அதிகம். எல்லா விதத்திலும் உத்தமமான இடம் என்று ஒன்று மனித உடம்பில் இல்லை. டாக்டரின் புத்திக்கு இன்னமும் வேலை இருக்கிறது.

மேலும், ஐந்தில் நான்கு வரிகள் குழாய் போடும் அரை மணி நேரத்தைப் பற்றியவை. அதற்குப் பிறகு அது பத்து நாள் இருந்தால், பத்து நாளும் காவல் வேண்டும். மருந்து ஏற்றுமுன் அந்த வாயைச் சாராயத்தில் நனைத்த பஞ்சினால் அழுத்தித் தேய்த்து, உலரவிட்டு, அப்புறம் திறக்கவேண்டும். கட்டு நனைந்தாலோ ஓரம் கிளம்பினாலோ உடனே மாற்றவேண்டும். இது யார் கண்ணுக்கும் படாத வேலை. பெரும்பாலும் நர்ஸின் வேலை. ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறாள் என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

நம் தேசத்துக் கணக்கு என்ன? 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஏழு இந்திய நகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரம் குழாய் நாளுக்கு 7.92 என்று கண்டிருந்தது. மிச்சிகன் எந்த இடத்தில் புறப்பட்டதோ ஏறக்குறைய அந்த இடம். பின்னர் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைமையில் பல மாகாணத்து ஆஸ்பத்திரிகள் ஒரே விதியின்படி எண்ணத் தொடங்கின. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரையில் 26 ஆஸ்பத்திரிகளின் 89 பிரிவுகளில் எண்ணியதில், இரத்தத்தில் கிருமி ஏறிய நிகழ்ச்சிகள் 2,622. பிறந்த சிசுக்களின் பிரிவில்தான் குழாய்க் கிருமி விகிதம் எல்லாவற்றிலும் அதிகம். ஆயிரத்துக்கு இருபதுக்கு மேல். உள்ளங்கை அகலம் உள்ள உடம்பு அது. இன்னும் கவலை தருவது என்னவென்றால், முதலிடம் பெற்ற கிளெப்ஸியெல்லா என்ற கிருமியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை, கார்பாபெனம் என்னும் கடைசி வரிசை மருந்துகளுக்கும் மசியாதவையாயிருந்தன. மேல்நாட்டில் கிருமி ஏறிவிட்டால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம்; நம் நாட்டில் பல சமயங்களில் கொடுக்க மருந்தே இல்லை. ஆகையால் தடுப்பது நமக்குத்தான் அவர்களைவிட அவசியம்.

ஆனால் அப்படி எண்ணிய ஆஸ்பத்திரிகளைப் பாராட்டவேண்டும். தன் வீட்டுக் குறையைத் தானே எடுத்து அச்சில் போடுவது சாமானியமான தைரியமல்ல.

ஒரு தடவை ஜயித்துவிட்டால் கோட்டை நம்முடையது என்றும் இராமல் போயிற்று. அமெரிக்காவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2001-இல் 43,000 ஆக மதிப்பிடப்பட்ட குழாய்க் கிருமி, 2009-இல் 18,000 ஆகக் குறைந்தது. அப்புறமும் குறைந்துகொண்டே வந்தது. 2020-இல் கோவிட் கொள்ளைநோய் வந்தது. வார்டுகள் நிரம்பி வழிந்தன. பழக்கமில்லாத நர்ஸுகள் வேறு பிரிவுகளிலிருந்து அழைக்கப்பட்டார்கள். அறைக்குள் அடிக்கடி போகக்கூடாது என்பதற்காக மருந்துப் பம்புகளைத் தாழ்வாரத்தில் வைத்து, நீண்ட குழாய்களால் இணைத்தார்கள். எண்ணுகிறவர்களுக்கும் வேறு வேலை வந்துவிட்டது. அந்த வருஷத்தின் கடைசி மூன்று மாதத்தில் குழாய்க் கிருமி விகிதம் அதற்கு முந்திய வருஷத்து அதே காலத்தைவிட நூற்றுக்கு 47 அதிகமாயிற்று. பல வருஷ உழைப்பின் பலன் சில மாதங்களில் கரைந்தது.

நம் வீட்டு மனிதர் ஒருவர் அந்தப் பிரிவில் படுத்திருக்கும்போது நாம் என்ன செய்யலாம்? குழாயையும் கட்டையும் தொடாமலிருக்கலாம். உள்ளே போகுமுன் கை கழுவலாம். விபூதி இடுவதற்கு முன்கூட. கட்டு நனைந்திருந்தால் நர்ஸிடம் சொல்லலாம். நோயாளிக்குக் குளிர் நடுக்கம் கண்டால், போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்திராமல் உடனே கூப்பிடலாம். நாளுக்கு ஒரு முறை டாக்டரிடம் மரியாதையாக, “இந்தக் குழாய் இன்னும் வேண்டியிருக்கிறதா?” என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் தப்பர்த்தம் ஒன்றுமில்லை. ஒழுங்காக நடக்கும் பிரிவுகளில் காலைச் சுற்றின்போது டாக்டர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. வந்த நாளில் அத்தியாவசியமாயிருந்த குழாய், நான்காம் நாளில் யாரும் நினைக்காததனாலேயே இருந்துகொண்டிருப்பது உண்டு.

வேண்டாம் என்று தீர்மானமானால், எடுப்பது சொற்ப வேலை. நோயாளியைத் தலையணையின்றி மட்டமாகப் படுக்கவைத்து, மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, நர்ஸோ டாக்டரோ குழாயை மெதுவாக உருவுகிறார்கள். துவாரத்தைச் சில நிமிஷம் அழுத்திப் பிடித்துக் காற்றுப் புகாத கட்டுப் போடுகிறார்கள். மறுநாள் குறித்த நேரத்தில் கணக்கெடுக்க வருகிறவர் அந்தப் படுக்கையைத் தாண்டிப் போகிறார். அவருடைய நோட்டில் குழாய் நாள் ஒன்று குறைகிறது.